வரவேற்பறையில் மாட்டிய படம்

"அது நீ இல்லம்மா. யார் கேட்டாலும் அது நீ இல்ல. புரியுதா?"

ஒன்பதாம் மாடிச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மகன் கிசுகிசுத்தான். பக்கத்து வீட்டுக்குக் காது நீளம்.

"மூஞ்சி என்னுதுதானேடா?"

"மூஞ்சி உன்னுதுதான். ஆனா நீ இல்ல."

கீழே வரவேற்பறையில் 'நம் தீவின் கதை' என்று ஆளுயரப் படமொன்றைக் குடியிருப்போர் சங்கம் அன்று காலை மாட்டியிருந்தது. அதில் முப்பது வயதில், இடுப்பில் கூடையோடு சிரித்துக்கொண்டு நின்றவள் இவளேதான்.

நகரம் தின்றதும் கிழித்ததும் கழித்ததும் அறுபது வருஷம் படகேறி வந்து சேர்ந்த தீவு அது. பிரிக்க ஒரு கொட்டகை, எரிக்க ஓர் உலை. உலை புகைக்கும், முந்நூறு பேர் இருமுவார்கள். இவள் இருபத்திரண்டு வருஷம் கொட்டகையில் கூடை தூக்கினாள். நடைபாலம் தாண்டிப் பஸ் ஏறினால், சீட்டு காலியாகவே கிடந்தாலும் தீவுக்காரர்கள் நிற்கத்தான் வேண்டும். அதற்குச் சட்டமெல்லாம் கிடையாது; மற்றவர்களின் மூக்குகளே போதும். பிறகு உலையை மூடினார்கள். குப்பைமேல் மண், மண்மேல் புல், புல்மேல் பதினெட்டு மாடி. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவர்கள் மூக்கை நிமிர்த்திக்கொண்டு குடிவந்தார்கள். மகனும் வந்தான், அம்மா செய்த வேலையை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு.

மருமகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏங்க, படத்துக்குக் கீழ எழுதினத படிச்சீங்களா? 'தீவின் மலர்த்தோட்டத்தில் பூப்பறிக்கும் பெண்'ணு போட்டிருக்காங்க!"

மகன் குழாயை மூடினான். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அம்மா, அது நீதான்! தோட்டம் நம்மளுது. தாத்தா காலத்துலேர்ந்து."

"இப்பத்தானே நான் இல்லன்ன?"

"அத்தை, நீங்க சும்மா தலைய ஆட்டுங்க, போதும்" என்றாள் மருமகள்.

மகனே போய்ச் சங்கத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தான். சாயங்காலம் நீச்சல் குளத்தருகே கூட்டம் போட்டு, நகைக்கடைக்காரரான சங்கத் தலைவர் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். "சொல்லுங்கம்மா, என்னென்ன பூ போட்டீங்க?"

முன்வரிசையிலிருந்து மகன் கண்ணாலேயே ரோஜா, மல்லிகை என்று எடுத்துக்கொடுத்தான்.

"பூவும் வரும் சார். கல்யாண மாலையும் சாவு வீட்டு மாலையும் ஒண்ணா நசுங்கி வரும். ஈரத்த ஒரு பக்கம், காஞ்சத ஒரு பக்கம் பிரிச்சுப் போடுவோம். ஆஸ்பத்திரி ஊசிக்குத் தனிக் குழி. அதோ, உங்க குளத்துக்கு நேர் கீழ. அதுல பாதி நான் கொட்டினது."

குளத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்த நாலு பேர் காலை வெளியே இழுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது: படம் இருக்கட்டும், எழுத்தும் இருக்கட்டும், அந்தம்மா மட்டும் வரவேற்பறைக்கு வர வேண்டாம், பார்க்க நன்றாயில்லை. தீர்மானத்தைப் படித்துக் காட்டும்போது மகனின் குரல் தரையைப் பார்த்தது.

தினமும் பத்து மணிக்கு விலைக்கு வீடு பார்க்க ஆட்கள் வருவார்கள். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் ஒரு நாற்காலியோடு கீழே இறங்கிப் படத்துக்கடியில் போட்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"அம்மா, மேல வந்துடு. மானம் போவுது."

"போவட்டும்டா. கொஞ்ச நாள்ல பழகிடும். எனக்குப் பழகலையா? வை, ஒரு ஜோடி வந்திருக்கு."

எழுந்து நின்று, அந்தப் புதுத் தம்பதியைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க தம்பி, வாம்மா. எந்த பிளாக் பாக்கப் போறீங்க? அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு நான் சொல்றேன்."