பற்றவைத்த கேக் டப்பா

1.

இப்போதெல்லாம் யாரிடம் எதைக் கேட்டாலும் "சூப்பர்" என்கிறார்கள். சாப்பாடு எப்படி? சூப்பர். உடம்பு எப்படி? சூப்பர். போன வாரம் பல் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கி வந்த ஒருவனைக் கேட்டேன். அவனும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். உண்மையைச் சொன்னால் வாய் வெந்துவிடும் என்று யாரோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

இந்தக் கதையும் அப்படி ஒரு சூப்பரிலிருந்து வந்ததுதான். நானாக உட்கார்ந்து யோசித்தது இல்லை. அவ்வளவு மண்டை எனக்குக் கிடையாது. பேருந்து ஓட்டிப் பிழைத்தவன், பள்ளிக்கூடத்துக்குப் பாதியிலேயே கும்பிடு போட்டவன். இது என் தங்கை வீட்டில் நடந்தது. எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கதையில் பிழை இருந்தால் அவளிடம் போய்க் கேளுங்கள்.

2.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"எல்லையில் குண்டு மழை பொழிந்துகொண்டிருந்த வேளையில்..." வேண்டாம். அங்கே என்ன பொழிந்தது என்று எனக்குத் தெரியாது.

"தாயன்பு என்பது அடுப்பில் வைத்த..." இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. வாக்கியத்தை முடிக்கவில்லை.

"தங்கை மாவைச் சலித்தாள்." இது நடந்தது. இது இருக்கட்டும்.

தங்கை மாவைச் சலித்தாள். அவள் தையல்காரி. ஒரே மகன் பட்டாளத்தில். மலையும் பனியுமாக எங்கேயோ போட்டிருக்கிறார்கள். கீழே இறங்கி வந்தால்தான் போன் பேச முடியும். அவனுக்கு வீட்டில் செய்த கேக் அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீட்டில் கேக் அடுப்பு கிடையாது. அவள் புருஷன் வெல்டர். ஒரு பழைய இரும்புப் பெட்டியை எடுத்து, அடியில் தடிமனான தகடு வைத்து, உள்ளே இரண்டு தட்டு நிற்கக் கம்பி போட்டு, வெளிவாசல் கேட்டுக்கு வைக்கிற தாழ்ப்பாளை வைத்து அடுப்பு செய்து கொடுத்தார். திருடன்கூடத் திறக்க முடியாத அடுப்பு.

முதல் கேக் அடியில் கரி, மேலே கூழ். அடுத்ததைச் சாப்பிட முடிந்தது. அதற்கடுத்தது நன்றாகவே வந்தது. வெண்ணெய்த்தாளில் சுற்றித் தகர டப்பாவில் வைத்தாள். போகிற வழியில் ஆடி உடைந்துவிடக் கூடாதே என்று இடுக்குகளில் காலுறை, கைக்குட்டை. மூலைகள் மட்டும் காலியாக இருந்தன. அங்கே ரோஜா மணக்கிற குளியல் சோப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. பையனுக்குக் குளிக்கவும் ஆயிற்று.

"ஏங்க, எறும்பு ஏறிடாதா?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் வெல்டர். மூடியைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டார். "எறும்பு என்ன, காத்துகூடப் போகாது."

உண்மைதான். காற்றுகூடப் போகவில்லை.

பையன் போன் செய்தான். "அம்மா, கேக் சூப்பர்மா! பசங்க பறிச்சுத் தின்னுட்டானுங்க. டப்பாவைத் திறக்கத்தான் அப்பாவையும் சேர்த்து அனுப்பணும்."

தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த டப்பா. அடுத்த சூப்பர். அப்படியே போய்க்கொண்டிருந்தது.

3.

எழுதியதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

"சலிச்சேன்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு நான் சலிக்கவே இல்லண்ணே."

"ஏன்?"

"சல்லடையை உங்க மச்சான் மணல் சலிக்க எடுத்துட்டுப் போயிட்டார்."

(ஆக, உண்மை என்று நான் நம்பி வைத்திருந்த ஒரே வரியும் போயிற்று. அழிக்கப் போவதில்லை. எழுதுகிறவனை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.)

4.

இந்தப் பகுதியில் நாட்டுப்பற்று பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எந்தப் பெரிய மனிதர் மேடையில் பேசினாலும் அதையேதான் பேசுவார். எடுத்துவிட்டேன். உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

5.

ஒருநாள் டப்பா திரும்பி வந்தது.

பார்சல்காரர் வாசலில் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேலே அவள் கைப்பட எழுதிய மகன் பெயர். பெற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று யாரோ குறுக்கே கிறுக்கியிருந்தார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

"அவள் தலையில் அடித்துக்கொண்டு கதறி..." என்று எழுதினேன்.

"நான் அழல," என்றாள் தங்கை. "அதை அடிங்க."

"பின்னே என்ன பண்ணினே?"

"தைச்சேன். ஒரு சட்டைக்கு ரெண்டு இடது கையை வெச்சுத் தைச்சிருக்கேன். அதை எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

வெல்டர் டப்பாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மூடியைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாராம். "பத்தவெச்சது விடல, பத்தவெச்சது விடல" என்று அதையே சொல்லிக்கொண்டு.

மறுநாள் போன் வந்தது. பையன்தான். அவர்களை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "நான் நல்லா இருக்கேன்மா. சூப்பரா இருக்கேன்." இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். கேக்கை வீணாக்குவானேன் என்று வெல்டர் மூடியை அறுத்தெடுத்தார். ஆளுக்கொரு துண்டு.

வெல்டர்தான் முதலில் கடித்தார். மென்றார். நிறுத்தினார்.

"என்னடி இது, கேக்கு குளிச்சிட்டு வந்திருக்கு?"

ரோஜா. நாக்கில் ரோஜா, மூக்கில் ரோஜா, தொண்டைக்குள் ரோஜா. காற்றுப் போகாத டப்பாவில் வாரக்கணக்காகச் சோப்போடு குடித்தனம் நடத்திய கேக். நான் துப்பிவிட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தங்கை சிரிக்கவில்லை. தன் துண்டை முழுசாகத் தின்று முடித்தாள்.

"இதுவரைக்கும் போனதெல்லாம் இப்படித்தானே போயிருக்கும்?"

வெல்டர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

"சோப்பைத் தின்னுட்டுச் சூப்பர்ங்கிறான்ணே. அப்போ, நல்லா இருக்கேன்ங்கிறானே, அது?"

6.

நான் ஒரு வழி சொன்னேன். அடுத்த கேக்கில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டு. அதற்கும் சூப்பர் என்றால் பையன் சொல்வது ஒன்றையும் நம்பாதே.

"பெத்த பிள்ளைக்குப் பொறி வைக்கச் சொல்றீங்களா? போங்கண்ணே, உங்க புத்தியும் நீங்களும்."

கதைக்கு இது நல்ல வழி என்பதால் அவள் கேட்காவிட்டாலும் எழுதிப் பார்த்தேன். உப்புக் கேக் போகிறது. பையன் சூப்பர் என்கிறான். அவள் ரயிலேறி, பனியில் நடந்து, முகாம் வாசலில் நின்று, காவலாளியிடம்...

காவலாளி என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அங்கேயே நிற்கட்டும். நாம் வீட்டுக்கு வருவோம்.

வீட்டில் அவள் புதுக் கேக் வைத்தாள். சோப்பு கிடையாது. நினைப்பெல்லாம் எங்கேயோ இருந்ததில், கொதிக்கிற தாழ்ப்பாளைத் துணி இல்லாமல் பிடித்துவிட்டாள். வலது உள்ளங்கை கொப்புளித்துப் போயிற்று. மருந்து வைத்துக் கட்டு போட்டு வந்ததும் எங்கள் இருவரையும் முறைத்தாள்.

"அவன் போன் பண்ணினா இதைச் சொல்லக் கூடாது. அங்க கிடந்து தவிப்பான்."

வெல்டர் அடுப்புத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "பையன் மட்டும்தான் பொய் சொல்றானா?"

7.

இனி வருவது நான் காதால் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு, தைத்து முடித்த பாவாடைக் குவியலின் மேல் வைத்திருந்தாள்.

"அம்மா, எப்படி இருக்கே?"

வழக்கமாக, எங்களுக்கென்னப்பா ராஜா மாதிரி இருக்கோம் என்பாள். வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள்.

"கை வெந்து போச்சுப்பா."

"என்னது?"

"அடுப்புல. துணியைப் பிடிக்க முடியல. அதுக்கப்புறம் தைக்கவே இல்ல. எரியுது."

"ஏம்மா எனக்குச் சொல்லல?"

"நீ சொன்னியா?"

"நான் எதைச் சொல்லல?"

"கேக்கை."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அவன் சின்ன வயதில் மாட்டிக்கொண்டால் சிரிக்கிற அதே சிரிப்பு.

"சோப்பும்மா! முதல் டப்பாவிலேருந்தே! கடிச்சா நுரை வந்துடுமோன்னு பயந்துட்டே தின்னோம்."

"தூக்கிப் போட வேண்டியதுதானேடா, எருமை!"

"எப்படிம்மா போடறது? ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டு, எங்க வீட்டு பாத்ரூம்ல நிக்கிற மாதிரி இருக்குடான்னான். அவன்தான் நெறையத் தின்னான்."

வெல்டர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். தங்கை போன் பக்கம் குனிந்தாள்.

"வேற என்ன சொல்லல?"

இணைப்பு போய்விட்டது என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அவள் தட்டிவிட்டாள்.

"தூக்கம் வர மாட்டேங்குதும்மா. சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உக்காந்துடறேன். கை நடுங்குது. இங்க டாக்டரைப் பாருன்னு சொன்னாங்க. போகல."

"ஏன்?"

"மத்தவனுங்க என்ன நினைப்பானுங்க?"

"சோப்பைத் தின்னவனுங்கதானே? அவனுங்க நினைச்சா நினைக்கட்டும். நீ போ."

"போறேன்."

"டேய்."

"போறேம்மா. நிஜமா."

போனை வைத்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். பையன் தூங்கவில்லை, கை நடுங்குகிறது என்று கேட்டுவிட்டு, விளக்கேற்றிய மாதிரி இருந்தாள். எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"முதல் தடவையா எங்கிட்ட எதையோ கொடுத்திருக்காண்ணே," என்றாள்.

8.

இதற்குப் பிறகு போன் வரவில்லை. பனி அதிகமாம், இறங்க முடியாதாம். கேக் போயிருக்கிறது. மூடியில் ஈயம் வைக்காமல் நாடா சுற்றி அனுப்பினார்கள். நன்றாக ஒட்டவில்லை என்று வெல்டர் மூன்று வேளையும் புலம்புகிறார்.

பையன் போய் டாக்டரைப் பார்த்தானா? கதை என்றால் அதைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். போனான் என்று எழுதினால், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவர்களோடு நானும் சேர்ந்துவிடுவேன். போகவில்லை என்று எழுதினால் தங்கை எனக்குச் சோறு போட மாட்டாள். அதனால் இடம் விட்டு எழுதினேன்:

அவன் டாக்டரைப் பார்க்கப் ____________.

நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் உங்களுக்கு முன்னால் தங்கை 'போனான்' என்று நிரப்பிவிட்டிருக்கிறாள். வலது கையில் கட்டு, அதனால் இடது கையால். எழுத்து குடிகாரன் நடை மாதிரி கோணிக்கொண்டு போகிறது. ஆனால் அழுத்திய அழுத்தில் அடுத்த தாளிலும் பதிந்திருக்கிறது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"போன் வந்துதா?"

"வரல."

"அப்புறம்?"

"அண்ணே, கிளம்புங்க. இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க."

அவள் எழுதியதை நான் அடிக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் முடியும். நம்பச் சொன்னால் முடியாது. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போகிறேன்.