கன்னியப்பன் சிரித்த இடம்

1

இது என் கற்பனை இல்லை. ராஜவேல் சொல்லித்தான் எனக்குத் தெரியும்; எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. (பெயர்களை மாற்றிவிட்டேன். மரக்காணத்தில் அதனால் பெரிய பயன் இருக்காது.) முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'கண்ணைக் கூசவைக்கும் உப்புக் குவியல்களுக்கு நடுவே ராஜவேல்...'

வேண்டாம். உப்பைக் காட்டி ஆளை மறைக்கிற வேலை அது. நடந்தது ஒரு டிவிக்கு முன்னால்.

2

ராஜவேலின் அத்தை கமலாம்பாள் புதுவீட்டில் பால் காய்ச்சிய நாள். சாப்பாடு தாமதமானதால் அவளுடைய மருமகப்பிள்ளை ஒரு மலையாளப் படத்தைப் போட்டார், தமிழில் பேசவைத்தது. கேரளத்துக் கிராமம். அண்ணன் தம்பி பிள்ளைகள் இருவர். ஒருவன் கோழி அடுத்தவன் வாசலை மிதித்தால் பஞ்சாயத்து.

கூடத்தின் இந்தக் கோடியில் ராஜவேல், அந்தக் கோடியில் அவருடைய சித்தப்பா மகன் கன்னியப்பன். அடுத்தடுத்த உப்பளக்காரர்கள். பேச்சுவார்த்தை கிடையாது. கன்னியப்பன் மகள் கல்யாணப் பத்திரிகையில் ராஜவேல் பெயர் விட்டுப்போயிருந்தது. (இதைவிடப் பெரிய காரணமாக ஒன்று வைக்கலாமா என்று பார்த்தேன். இல்லை, இவ்வளவுதான்.)

"அப்படியே நம்ம வூட்டுக் கதைடி," என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். ராஜவேலும் சிரித்தார்.

படத்தில் அண்ணன்காரன், தம்பி மீன் பிடிக்கவிருந்த குளத்தின் கரையை வெட்டிவிட்டான். மீனெல்லாம் வயலில் துள்ளின. கூடமே குலுங்கியது. ராஜவேலுக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது.

3

போன சித்திரையில், ஆட்கள் சாப்பிடப் போயிருந்த மதியத்தில், கன்னியப்பனின் வரப்பைக் கொத்திவிட்டது ராஜவேல்தான். வாய்க்கால் தண்ணீர் பாத்தியில் புகுந்து, வாரத் தயாராயிருந்த உப்பு கரைந்துபோனது. நண்டு வளை போட்டு உடைந்தது என்று கன்னியப்பன் நம்பினான். அவன் மனைவி மலர்கொடி வரப்பில் உட்கார்ந்து அழுததை ராஜவேல் தன் பாத்தியிலிருந்தே பார்த்தார்.

('அன்றிரவு அவர் தூங்கவில்லை' என்று எழுதியிருந்தேன். "நல்லாத் தூங்கினேன் சார்," என்றார். அடித்துவிட்டேன்.)

4

அன்று கூடத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் கன்னியப்பன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எங்கண்ணன் பேசமாட்டாருதான். ஆனா இந்த மாதிரி ஈன வேலையெல்லாம் பண்ண மாட்டாரு."

ராஜவேலின் மனைவி அம்சவள்ளி திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ராஜவேல் எழுந்து அந்தக் கோடிக்குப் போனார். "டேய் கன்னியப்பா, உங்கிட்ட ஒன்னு சொல்லணும்."

கன்னியப்பன் முடிக்கவிடவில்லை. கட்டிக்கொண்டான். "நீ பேசிட்டியேண்ணா, அது போதும். பேரு வுட்டது என் தப்புதான்."

"அது இல்லடா..."

"ஒன்னும் வாணாம். வா, சாப்புடலாம்."

அத்தை அழுதாள். யாரோ கைதட்டினார்கள். பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கன்னியப்பன் சொன்னான்: "அடுத்த மாசம் முட்டி ஆபரேஷன்ணா. நான் எழுந்து நடக்குற வரைக்கும் என் பாத்தியையும் நீதான் பாத்துக்கணும். வேற யாரை நம்புறது?"

ராஜவேல் தலையாட்டினார். அம்சவள்ளி சாப்பிடாமல் எழுந்துபோனாள்.

வீடு திரும்பியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

5

அவரைச் சொல்லவைத்து ஒரு முடிவு எழுதினேன். மலையாளப் படமும் அப்படித்தான் முடிகிறது. தம்பி மன்னித்துவிடுகிறான், பாட்டு வருகிறது. கிழித்துவிட்டேன். பிறகு அம்சவள்ளி நேராக மலர்கொடியிடம் போய்...

அதையும் பாதியில் விட்டேன்.

இப்போதைய நிலவரம் இது: கன்னியப்பன் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ராஜவேல் இரண்டு உப்பளத்தையும் பார்த்துக்கொள்கிறார். அம்சவள்ளி அவரோடு பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மலர்கொடி தினமும் போன் செய்கிறாள். "மாமா, சாப்ட்டீங்களா? எங்களுக்காக வெயில்ல கெடந்து கஷ்டப்படுறீங்க."

நாளைக்கும் போன் வரும். அவர் எடுப்பார். அவள் இதையேதான் கேட்பாள். பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கை வரவில்லை.