மூன்று கறுப்பு வட்டங்கள்

"எங்க வீட்டுப் பொம்பளைங்களை இப்படிக் கரியாக்கி வச்சிருக்கியே, உனக்குக் கை கூசல?"

கணவர் ஒரு தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அன்று வகுப்பில் கொடுக்க வேண்டிய குடும்ப நோய் வரைபடம் அது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், மொத்தம் மூன்று தலைமுறை. புற்றுநோய் கண்டவர்களுக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். அவர் பக்கத்தில் மூன்று வட்டங்கள் கறுத்திருந்தன: அவருடைய இரண்டு அத்தைகள், ஒரு அக்கா.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மெழுகில் உறையவைத்த சதைத் துணுக்கைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்ற வேண்டும். அங்கே எல்லோருக்கும் அவள் 'கத்தி அக்கா'. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஆள் தயார் பண்ணுகிறோம், கல்லூரி முடித்த பிள்ளை முதல் தலை நரைத்த டாக்டர் வரை யாரும் சேரலாம் என்று அங்கே ஒரு பயிற்சி தொடங்கியபோது அவளும் மனுப் போட்டாள். இடம் கிடைத்தது. "பொண்ணுக்குக் கல்யாணம் பண்ற வயசுல புத்தகப் பையா" என்று வீட்டில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

"மாப்பிள்ளையோட சித்தப்பா பொண்ணு உன் வகுப்புலதான இருக்கா? இது அவ கண்ணுல பட்டா அடுத்த மாசம் கல்யாணம் நடக்குமா? வெள்ளையா ஒண்ணு வரைஞ்சு குடு. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா?"

"நம்ம பொண்ணுக்காகத்தாங்க வரைஞ்சேன். அவளைச் சோதிச்சுப் பாக்கணும்."

"என் பக்கத்து வியாதி அவளுக்கு எப்படி வரும்? பொம்பள வியாதி பொம்பள வழியாத்தான வரும்?"

"அப்பா வழியாவும் வருங்க. முதல் நாளே அதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"சொல்லிக் குடுத்தவன் வந்து மாப்பிள்ளை பாத்துத் தருவானா?"

மகள் தலையை வாரிக்கொண்டே உள்ளே வந்தாள். "அப்பா, அத்தை எதுலப்பா செத்தாங்க?"

"மஞ்சக் காமாலை." அந்த வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் அதுதான்.

"காமாலை இல்லடா," என்றார் கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார். கறுத்த மூன்றில் ஒன்று அவர் வயிற்றில் பிறந்தது. "மார்ல கட்டி. எங்கிட்டதான் முதல்ல காட்டினா. தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு நான்தான் சொன்னேன். எட்டு மாசம் திறக்கல. கல்யாண வேலை பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டு அவதான் பாத்தா."

ஒருத்தியின் கல்யாணத்துக்காக இன்னொருத்தியின் உயிரை மூடி வைத்தார்கள். இப்போது அதே மூடியை எடுத்துக்கொண்டு அடுத்தவளிடம் வந்து நிற்கிறார்கள். இதற்குக் குடும்ப மானம் என்று பெயர்.

மகள் அப்பாவின் கையிலிருந்து தாளை உருவி, அம்மாவின் பைக்குள் வைத்தாள். "பஸ் போயிடும்மா. கிளம்பு."

வகுப்பில் இருபத்தாறு பேர். பாடம் எடுக்கிற டாக்டர் பதினோரு வருஷத்துக்கு முன் பரிசோதனைக் கூடத்தில் வேலை பழக அவளிடம் வந்தவர்தான். "முதல்ல உங்க கட்டை விரலைக் காப்பாத்துங்க டாக்டர், நோயாளியை அப்புறம் காப்பாத்தலாம்" என்று சொல்லிச் சொல்லி, அவருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தது அவள்தான்.

தாள்களை எல்லோரும் பார்க்கும்படி நீள மேசையில் பரப்பச் சொன்னார். தன்னுடையதையும் வரைந்து கொண்டுவந்திருந்தார். பரப்பிவிட்டுச் சுற்றி நின்றார்கள். எல்லாம் வெள்ளை. புற்றுநோயை ஆராயவென்று கிளம்பி வந்த இத்தனை பேர் வீட்டில் ஒரு அம்மாவுக்கு, ஒரு பெரியம்மாவுக்குக்கூட அந்த நோய் வந்ததில்லையாம். எல்லோரும் காமாலையிலும் மூப்பிலும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கத்தி அக்காவின் தாளில் மட்டும் மூன்று கறுப்பு.

மாப்பிள்ளையின் சித்தப்பா பெண் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தி அக்காவோ டாக்டரின் தாளைப் பார்த்தாள். அதில் அவருடைய அம்மாவின் வட்டம் வெள்ளையாக இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த அம்மாவின் சதையைச் சீவித் தகட்டில் ஏற்றியது அவள் கைதான். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தங்கச்சிக்கு வரன் பாத்துட்டிருக்கோம்" என்று அன்று அவர் வாசலில் நின்று கெஞ்சினார். அவள் சொல்லவில்லை. இன்றும் சொல்லப் போவதில்லை. அது அவள் சொல்ல வேண்டிய சங்கதியும் இல்லை.

பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மேசையின் நடுவில் வைத்தாள்.

"யாராவது அவசரத்துல விட்டிருந்தா இப்பப் போட்டுக்கலாம். மை நிறைய இருக்கு."

பிறகு ஒரு கை நீண்டது. சித்தப்பா பெண்தான். தன் தாளை இழுத்து, அப்பாவுக்கு மேலே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினாள். மாப்பிள்ளையின் அப்பாவைப் பெற்ற பாட்டியும் அவள்தானே. பக்கத்திலேயே இன்னொரு வட்டம், பாட்டியின் தங்கை. அதையும் நிரப்பிவிட்டு, பேனாவை அடுத்தவனிடம் தள்ளினாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "சரி, அடுத்த பாடத்துக்குப் போயிடலாமா? எல்லாரும் உக்காருங்க."

பேனா மேசையைச் சுற்றி அவரிடம் வந்து சேரும்வரை கத்தி அக்கா உட்காரவில்லை.