மலைவேம்புப் பூங்கொத்து

தவக்காலத்தில் பெண் பார்க்கக் கூடாது, தோட்டம் பார்க்கலாம். இந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடித்தவன் அருள் பிரகாஷ். சகாயராணி வேலை பார்க்கும் பள்ளியிலேயே கணக்கு வாத்தியார். இரண்டு வருடமாக இருவர் மனதிலும் முடிவாகிவிட்ட கல்யாணம், அவன் அம்மா செபஸ்தியம்மாளின் தலையசைப்புக்காகக் காத்துக் கிடந்தது. அந்த அம்மாள் சாம்பல் புதன் தொட்டு ஈஸ்டர் வரை, தவக்கால நாற்பது நாளும், காப்பிக்குச் சர்க்கரைகூடப் போடாதவர். "தோட்டம் பாக்கத்தான் வாரேன், வேற பேச்சு கெடையாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டுத் தோட்டம் பங்குனியில் பத்து நாள் ஊருக்குத் திறந்திருக்கும். நூறு வருடத்துக்கு முன்பு வைத்த மலைவேம்புகள் இளம் ஊதாவாய்ப் பூத்துக் குலுங்கும். அந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருடம் நல்ல பூ. சகாயராணி டவுன் பஸ் பிடித்து அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள். முப்பத்திரண்டு வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுத்தாயி, வருகிற பெண்களுக்கெல்லாம் ஒரு கொத்து ஒடித்து, வாழைநாரில் கட்டித் தலைக்குக் கொடுப்பது அங்கே வழக்கம்.

"இந்தாங்க தாயி, வச்சுக்கிருங்க."

சகாயராணியின் கை நீளவில்லை. தவக்காலத்தில் மாதா கோயில் பீடத்துக்கே பூ கிடையாது, தலைக்கு எப்படி? அவள் வாயெடுப்பதற்குள் பொன்னுத்தாயி கொத்தை இழுத்துக்கொண்டாள்.

"தாலி அறுத்தவ கையால வேணாமாக்கும். சரி தாயி, நீங்களே ஒடிச்சுக்கிருங்க."

குரலில் கோபம் இல்லை, பழகிப்போன குரல். அதுதான் சகாயராணிக்குத் தாங்கவில்லை. இனி என்ன விளக்கினாலும் சாக்கு என்றுதான் படும்.

"அதில்லக்கா, நீங்களே வச்சுவிடுங்க" என்று திரும்பி நின்றாள்.

பொன்னுத்தாயி சடையில் செருகிக்கொண்டிருக்கும்போதே செபஸ்தியம்மாள் மகனோடு உள்ளே வந்தார். பார்வை நேரே பூவில் விழுந்தது.

"தவக்காலத்துல பூ வச்சிருக்கீக?"

மெதுவாகத்தான் கேட்டார். அருள் பிரகாஷின் முகம் செத்துப்போனது. சகாயராணிக்குச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. சொன்னால் பக்கத்தில் நிற்கும் பொன்னுத்தாயி காதிலும் விழும்.

"ஆமாங்கம்மா. நாந்தான் வச்சுவிடச் சொன்னேன்."

எல்லாம் போச்சு என்று நினைத்தாள். ஆனாலும் கை பூவை எடுக்கப் போகவில்லை.

பொன்னுத்தாயிக்குத் தவக்காலமும் தெரியாது, இந்த வழக்கும் எட்டவில்லை. இன்னொரு கொத்தை நாரில் சுற்றி, சகாயராணி வைத்துக்கொண்ட தெம்பில் செபஸ்தியம்மாளிடம் நீட்டினாள்.

"நீங்களும் வச்சுக்கிருங்கம்மா."

செபஸ்தியம்மாள் அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தார். பிறகு, ஏதோ பிடிபட்டவர்போல, சகாயராணியின் சடைப் பூவைப் பார்த்தார். வேண்டாம் என்று எழுந்த கை பாதியில் நின்றது. நீட்டிய கொத்திலிருந்து ஊதாப் பூக்கள் ஒவ்வொன்றாய் அவர் செருப்பின்மேல் உதிர்ந்துகொண்டிருந்தன.