எலியாஸின் தோளில் புகை

1943 கோடையில் திருத்தணி மலையடியில் கூரைத் தெரு எரிந்து அணைந்த பிறகு, தீயை அணைத்த எலியாஸின் தோள்களிலிருந்து புகை வருவது மட்டும் நிற்கவில்லை. வெள்ளையாக, ஊதுவத்திப் புகை அளவுக்கு, இரவும் பகலும் வந்தது. வலி இல்லை. அரக்கோணத்திலிருந்து வந்த டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, மிக்சர் மருந்து கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

எலியாஸ் ரயில்வேயில் கலாசி, தண்டவாளத்தில் கூலி வேலை. சண்டைக் காலத்தில் பட்டணத்தில் குண்டு விழும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தபோது, அங்கே தொண்டர்களுக்குத் தீயணைக்கச் சொல்லிக்கொடுத்ததைக் கற்றுவந்து, ஊரில் முனியனையும் சத்தியநாதனையும் சேர்த்துக்கொண்டான். கூலி கிடையாது. வாளிகள், கோணிகள், ஓர் ஏணி, அவ்வளவுதான். அன்றைக்கு மற்ற இருவரும் குளத்துத் தண்ணீரை ஓடி ஓடி ஊற்ற, எலியாஸ் நனைத்த கோணியைப் போர்த்திக்கொண்டு பூக்கடை தேசப்பனின் வீட்டுக்குள் புகுந்து, தூளியில் கிடந்த குழந்தை வசந்தியைத் தூக்கிவந்தான். தாய் குப்பம்மாள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒரு வார்த்தை சொல்ல அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஊர் நன்றி மறக்கவில்லை. மூவருக்கும் மாலை போடுவதென்று முடிவாகி, தேசப்பனே கட்டிக்கொண்டு வந்தான். முனியனுக்கும் சத்தியநாதனுக்கும் போட்டாயிற்று. எலியாஸிடம் வந்ததும் தேசப்பனின் கால்கள் நின்றன. புதுக் கூரை வேய்ந்த தெரு, பொறி பறந்தால்?

"பொகை நின்னதும் போட்டுக்கலாம் எலியாஸு, இன்னா அவசரம்?" என்றான் தேசப்பன்.

"ஆங், அதுக்கின்னா," என்று எலியாஸ் சிரித்தான். மாலையை யாரோ மாட்டுக்குப் போட்டார்கள்.

ஆடிக் கிருத்திகைகள் வந்துபோயின. சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது, புகை நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் அவனுக்குத் தெருவில் இலை போட்டார்கள். அவன் மனைவி கிரேஸ் ஒரு மழைக்காலத்தில் ஈரத்துணியை அவன் முதுகில் போட்டுப் பார்த்தாள். சூடே இல்லை, துணி உலரவில்லை. அதை எல்லாரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் குப்பம்மாள் வாசலில் தண்ணீர் கேட்டான். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"பாப்பா நல்லாக்குதாம்மா?"

"நல்லாக்குதுண்ணா." இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காற்று திரும்பி, புகை கூரைப் பக்கம் சாய்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

1949 மார்கழியில் எலியாஸ் காய்ச்சலில் செத்துப்போனான். தேசப்பன் ஆளுயர மாலையோடு வந்து நின்றான்.

"உயிரோட இருந்தப்ப ஒருத்தராவது தொட்டுப் பாத்திருக்கலாமேண்ணா," என்றாள் கிரேஸ். அவள் அழவில்லை.

மாலை போடக் குனிந்தபோது தேசப்பனின் கை, இன்னும் புகைந்துகொண்டிருந்த தோளில் பட்டது. சில்லென்றிருந்தது. எப்போதும் அப்படித்தான் இருந்தது என்றாள் கிரேஸ். தேசப்பன் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

புதைத்த இடத்திலிருந்தும் புகை வந்தது. மழைக்கு அணையவில்லை; ஆடுகள் பக்கத்திலேயே மேய்ந்தன. குப்பம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தியோடு போய், புகைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். சொல்லாமல் விட்டதை முதல் வாரம் சொன்னாள். போதவில்லை என்று அடுத்த வாரமும் சொன்னாள். அந்த வழியாக வந்த பாதிரியார், கண் எரியவில்லையா என்று கேட்டார்.

"ஆங், எரியுதுங்க," என்றாள். நகர்ந்து உட்காரவில்லை.