புளி போட்டுத் தேய்த்த போசி

அரங்கசாமி அந்தப் பித்தளைப் போசியைத் தேய்க்காமல் விட்டிருந்தால், யூனுஸின் லேத் பட்டறை இன்றும் வேலிக்கு அந்தப் பக்கம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும்.

மண்ணைச் சோதித்துக் காட்டினால் அரங்கசாமி தோட்டத்துக் கீரையை வாங்கிக்கொள்வதாகக் கோயமுத்தூர்க் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். சோதனைச்சாலையிலிருந்து கயல்விழி போனில் விவரம் சொன்னாள்.

“மரக்கரண்டியில எடுத்து, பிளாஸ்டிக் பையில போட்டு அனுப்புங்க.”

“ஆசிட் ஊத்திப் பாப்பீங்களா அம்மணி?”

“இல்லீங்க, அந்தக் கழிவு இன்னொருத்தர் மண்ணைக் கெடுத்துருமுங்க. நாங்க ஊத்தறது எலுமிச்சையில இருக்கற அமிலந்தான். மண்ணுல இருக்கற செம்பு, துத்தநாகமெல்லாம் அதுல கரைஞ்சு வந்துரும். அளந்துருவோம்.”

“அப்ப ஊறுகாய் போடறீங்கன்னு சொல்லுங்க.”

சோறு போடும் மண்ணைப் பிளாஸ்டிக்கில் அள்ள அரங்கசாமிக்கு மனம் வரவில்லை. சாமிக்குப் பொங்கல் வைக்கும் போசியை எடுத்தார். புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அது மின்னிய மின்னலுக்கு, சூலூரில் இறங்க வந்த விமானம் கண் கூசித் திரும்பிப் போயிருக்கும். புளித்தண்ணீர் காயுமுன்பே ஈர மண்ணை அதில் அள்ளி, இரவு முழுக்கச் சாமி படத்துக்கு முன் வைத்தார். காலையில்தான் பையில் கொட்டி அனுப்பினார்.

முடிவு வந்தது. செம்பும் துத்தநாகமும் அளவுக்கு மேல்.

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. பித்தளை என்றால், பம்புக்குப் பித்தளைச் சக்கரம் கடையும் யூனுஸ்; வேறு யார்? வரப்பில் நின்று அரங்கசாமி போட்ட சத்தத்தில் பல்லடம் வரை ஒரு காக்காய் மிஞ்சவில்லை.

“என்ற மண்ணுக்கு வெசம் வெச்சுப்போட்டயே.”

“தூளையெல்லாம் கூட்டி மூட்டை கட்டித்தான் எடைக்குப் போடறேன் மாமா. ஒரு பொட்டு வெளிய போகாது.”

“இனி மாமா கீமாங்காத.”

ஊரார் பட்டறை முன்பு கூடிச் சத்தம் போட்ட வாரமே யூனுஸ் எந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் போய்விட்டான்.

கேடு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கக் கயல்விழியே வந்து மண் எடுத்துப் போனாள். மறுபடி வந்தபோது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தாள்.

“வேலியோரங்கூடச் சுத்தமா இருக்குதுங்க. மொதல்ல மண்ணை எதுல அள்ளுனீங்க?”

அரங்கசாமி பெருமையாகப் போசியைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

“புளி போட்டுத் தேச்சீங்களா?”

“பின்னே?”

“நான் எலுமிச்சையை வெச்சு மண்ணுல இருந்து செம்பை எடுக்கறேன். நீங்க புளியை வெச்சுப் போசியில இருந்து எடுத்து மண்ணுக்குக் குடுத்துப்போட்டீங்க.”

அவள் போனதும் அரங்கசாமி யூனுஸுக்குப் போன் போட்டார்.

“மாப்ள, நாந்தான். தப்பு என்ற மேலதான். மண்ணு சுத்தமா இருக்குது. திரும்பி வந்துரு.”

“சந்தோசமுங்க சார். இங்கயே பட்டறைக்குக் கரண்டு லைன் வாங்கிப்போட்டேனுங்க. கீரை நல்லா வரட்டும்.”

அவ்வளவுதான். அந்தப் பக்கம் போனை அணைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. லேத் கிர்ரென்று ஓடத் தொடங்கியது. அது நிற்கும்வரை அரங்கசாமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.