முட்டைக்கோஸுக்குச் சரியாக இருந்த ஸ்வெட்டர்

பேருந்து ஓட்டுகிற கையில் பின்னல் ஊசியைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, மடியில் மஞ்சள் கம்பளி நூலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்த டிரைவரைப் பார்த்து, கண்டக்டர் முதல் நாள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"அண்ணே, இந்தக் கையா? கியர் போடுற கையா?"

"சிரிச்சு முடிச்சிட்டியாம்மா? முடிச்சிட்டா அந்தப் பழைய டிக்கெட் கட்டை எடு. நான் ஒரு வரிசை முடிச்சதும் ஒரு ஓட்டை போடு. எண்ணிக்கை விட்டுப் போகுது."

அவளும் போட்டாள். எதற்கு என்று கேட்டாள். சொன்னார். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். டிரைவருடைய மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில்தான் கடை. அந்த வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளில் பாதி, முதல் சட்டையை அவள் கையால்தான் போட்டுக்கொண்டன. பிறர் தைத்ததைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன இடத்தில்கூடப் பக்கத்தில் உட்கார்ந்தவளின் கைமடிப்பைத் திருப்பிப் பார்த்து, "இதைப் பிரிச்சுத் தைக்கணும்மா" என்று சொல்லிவிட்டு வருவாள். ஊசி டப்பா இல்லாமல் அவள் எங்கேயும் போனது கிடையாது.

அப்படிப்பட்டவள் இப்போது வயிற்றில் இருக்கிற தன் குழந்தைக்கு மட்டும் ஒரு தையல்கூடப் போடவில்லை. இதற்கு முன் இரண்டு முறை போட்டாள். குட்டிச் சட்டை, குட்டித் தொப்பி, விரல் நீளத்துக்குக் காலுறை என்று ஆசை ஆசையாகச் செய்து அடுக்கினாள். இரண்டு முறையும் குழந்தை தங்கவில்லை. அடுக்கியதையெல்லாம் கடைக்கு வந்தவர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் பேசாமல் கிடந்தாள். அந்த மூன்று நாளை டிரைவர் இன்னும் மறக்கவில்லை.

இப்போது மூன்றாவது. ஏழாம் மாதம். "குழந்தை என் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு ஊசி குத்தமாட்டேன். நீங்களும் ஒண்ணும் வாங்கிட்டு வரக்கூடாது. சொல்லிட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். சொன்னால் சொன்னதுதான். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னதால் கடையும் மூடியிருந்தது. சமையல், துவைத்தல் எல்லாம் டிரைவர் தலையில்.

ஆனால் மனுஷனுக்கு மனசு கேட்குமா? ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தைத்தவள் பிள்ளை, ஆஸ்பத்திரித் துணியைச் சுற்றிக்கொண்டா வீட்டுக்கு வர வேண்டும்? வாங்கத்தானே கூடாது, செய்தால்? இந்தச் சாக்கைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனைத் தட்டினார். 'குழந்தை ஸ்வெட்டர், முற்றிலும் இலவசம்' என்று பின்னுகிற முறையைச் சொல்லும் ஒரு பேட்டர்ன் வந்தது. இலவசம்தான், யார் இல்லை என்றது? இரண்டு வரி படித்தால் ஒரு முட்டிவலித் தைலம் விளம்பரம், அடுத்த இரண்டு வரிக்கு வழுக்கையில் முடி வளர்க்கிற விளம்பரம். தைலத்தையும் முடியையும் தள்ளித் தள்ளி, முன் பக்கம் ஒரு துண்டு, பின் பக்கம் ஒரு துண்டு, இரண்டையும் தோளில் சேர்த்துத் தைக்க வேண்டும் என்பது வரை புரிந்துகொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

டிப்போவில் அவருக்குப் பெயர் 'நிதானம்'. முப்பது பேர் தூங்குகிற வண்டியில் ஒருத்தர் தலைகூட முன்னால் சாயாமல் பிரேக் போடுவார். ஆனால் நூலைப் பிடித்தால் அந்த நிதானம் எங்கே போகுமோ, மலைப்பாதையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிப்பார். உடம்புப் பகுதியில் அது தெரியவில்லை. கழுத்தில் தெரிந்தது.

'கழுத்தின் கடைசி வரிசையைப் பின்னி மூடும்போது தளர்வாக மூடவும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய முப்பத்தைந்து சென்டிமீட்டர்' என்று பேட்டர்னுக்குக் கீழே யாரோ புண்ணியவதி எழுதியிருந்தாள். நல்லது. ஆனால் போட்டுப் பார்க்கத் தலைக்கு எங்கே போவது? கண்டக்டர் வீட்டுப் பொம்மைக்கு எலுமிச்சம்பழம் அளவுதான் தலை. யோசித்துக்கொண்டே காய்க்கடைப் பக்கம் போனவர், முட்டைக்கோஸ் குவியலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

துணிப்பையில் வைத்திருந்த மனைவியின் அளவு டேப்பை எடுத்து ஒவ்வொரு முட்டைக்கோஸுக்கும் நெற்றிச் சுற்று அளந்தார். காய்க்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏங்க, காய் வாங்க வந்தீங்களா, அதுக்குச் சட்டை தைக்க வந்தீங்களா?"

"முப்பத்தஞ்சுல ஒண்ணு இருந்தாக் குடுங்க."

"முப்பத்தஞ்சு வருஷமா கடை போடறேன், இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை."

முதல் முட்டைக்கோஸ் பாதியில் மாட்டிக்கொண்டது. கண்டக்டர் மேலிருந்து தள்ள, டிரைவர் கீழிருந்து இழுக்க, வண்டியில் ஏறக் காத்திருந்த நாலு பேர் ஜன்னல் வழியாக ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாலு இலை கிழிந்ததுதான் மிச்சம். பிரித்தார். மறுபடி மூடினார். இரண்டாவது முட்டைக்கோஸ் கண் வரைக்கும் வந்தது, அதாவது முட்டைக்கோஸுக்குக் கண் இருந்தால் எங்கே இருக்குமோ அது வரைக்கும். மறுபடி பிரித்தார்.

கசக்கிய காயைக் கடையில் திருப்பி வாங்குவார்களா? எல்லாம் வீட்டுக்குத்தான் போயிற்று. திங்கள் முட்டைக்கோஸ் வதக்கல். செவ்வாய் முட்டைக்கோஸ் சூப். புதன் மீதிச் சூப்.

"ஏங்க, உலகத்துல வேற காயே விளையலையா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டாள் மனைவி.

"உடம்புக்கு நல்லதும்மா."

"யார் உடம்புக்கு? ஆமா, என் டேப் எங்கே?"

டேப் டிரைவரின் துணிப்பையில்தான் இருந்தது. "இங்கேதான் எங்கயாச்சும் இருக்கும்" என்று பூசி மெழுகிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் விடுகிற ஆளா அவள்? அந்தச் சந்தேகம் அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கழுத்தைத் தவிர வேறெதுவும் அப்போது அவர் மண்டையில் ஏறவில்லை.

மூன்றாவது முட்டைக்கோஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், மேலே தலை நீட்டியது. கண்டக்டர் விசிலை எடுத்து ஊதியே விட்டாள். ஸ்வெட்டர் டிப்போ லாக்கருக்குள் போயிற்று.

ஆனால் லாக்கரைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே யோசனைதான். நல்லபடியாக நடக்காவிட்டால் இதை என்ன செய்வது? நடந்தாலும், 'வேண்டாம் என்று சொன்னதை ஏன் செய்தீர்கள்' என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அந்த மூன்று நாள் முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

நாள் வந்தது. ஒரு சிக்கலும் இல்லாமல், குரலால் மாடியையே தூக்கிக்கொண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. டிரைவர் தலைகால் புரியாமல் ஆஸ்பத்திரி வாசல் காவலாளியைக் கட்டிப்பிடித்து அழுதார். அவரும் பாவம், முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்குப் போகிற அன்று காலையில் நர்ஸ் வந்தார். "குழந்தைக்குப் போட உடுப்பு குடுங்க."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "கொண்டு வரலைங்க. வழியில வாங்கிக்கறோம்."

டிரைவர் துணிப்பையிலிருந்து மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்தார். எடுத்தவருக்கு அதை நீட்டத் தைரியம் வரவில்லை. நர்ஸே வாங்கிக்கொண்டார். மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நர்ஸ் ஸ்வெட்டரைக் குழந்தையின் தலையில் மாட்டினார். கழுத்து நெற்றி வரைக்கும் வந்து நின்றது. மெதுவாக இழுத்தார். இறங்கவில்லை. குழந்தை கத்திய கத்தலில் பக்கத்து அறை வரைக்கும் எட்டிப் பார்த்தார்கள்.

"தலை முப்பத்தேழுங்க. பெரிய தலை" என்றார் நர்ஸ், ஸ்வெட்டரைக் கழற்றியபடி.

டிரைவருக்கு முகம் செத்துவிட்டது. "முட்டைக்கோஸுக்குச் சரியா இருந்துச்சே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

நர்ஸ் விழித்தார். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அழுகிறாள் என்றுதான் டிரைவர் முதலில் நினைத்தார். இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மண்டை உங்க மண்டைங்க. கடையில உங்களுக்கு ஒரு தொப்பியாவது கிடைச்சிருக்கா இதுவரைக்கும்? இங்க குடுங்க அதை."

ஸ்வெட்டரை வாங்கி உள்ளும் புறமும் திருப்பினாள். ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டினாள். டிரைவர் கட்டிலருகே நெருங்கி வந்தார். "குழந்தையைப் பிடிங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, பைக்குள் கையை விட்டு ஊசி டப்பாவை எடுத்தாள்.

சின்னக் கத்தரியால் இடது தோள் தையலை மட்டும் நறுக் நறுக்கென்று பிரித்தாள். தோள் திறந்துகொண்டது. பின்னலில் ஒரு கண்ணிகூட அவிழவில்லை. பிறகு டப்பாவின் மூலையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே மூன்று குட்டிப் பொத்தான்கள். அச்சு அசலாக அதே மஞ்சள்.

"இது எப்படி..."

"ரெண்டு மாசம் முன்னாடி உங்க யூனிஃபார்ம் காலர்ல மஞ்சள் நூல் ஒட்டிட்டு இருந்துச்சு. அன்னைக்கே என் பொத்தான் டப்பாவுல நிறம் பார்த்து எடுத்து வெச்சேன். தைக்கத்தான் பயமா இருந்துச்சுங்க. எடுத்து வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு தோணுச்சு." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க ஒரு ஆளாச்சும் பயப்படாம பண்றீங்களேன்னு இருந்துச்சு."

"நானா பயப்படலை?" என்றார் டிரைவர். குழந்தையின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அவசரமாகத் துடைத்தார்.

மூன்று பொத்தானையும் இழுத்து இழுத்துப் பார்த்துத் தைத்தாள். எதிர்ப் பக்கம் நூலிலேயே மூன்று வளையம் போட்டாள். இந்தப் பிள்ளைக்கு அவள் போட்ட முதல் தையல் அதுதான். இந்த முறை ஸ்வெட்டர் ஒரு முனகல்கூட இல்லாமல் தலைக்குள் இறங்கியது. பொத்தானைப் போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இடது கை ஒரு விரல் நீளமா இருக்கு."

"பிரிச்சுப் போடட்டுமா?"

"தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி!" என்று குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு. முட்டைக்கோஸ் இனிமே நம்ம வாசப்படி ஏறக்கூடாது."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துக் காகிதங்களை எடுக்கப் போனார். டிரைவர் பைகளைத் தோளில் மாட்டினார். அவள் எழுந்திருக்காமல் நீளமான அந்த இடது கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த போன்ல வர்ற பேட்டர்ன், அதுல ஆறு மாசக் குழந்தைக்கு அளவு இருக்கா?"

டிரைவர் அவளைப் பார்த்தார். நாளைக்கு என்ற பேச்சையே இத்தனை மாதமாக எடுக்காதவள்.

"ரெண்டு வயசு வரைக்கும் இருக்கும்மா."

"அத்தனையும் எனக்கு அனுப்பி வைங்க."